ஃபப்ரீசியஸின் உழைப்பும் கடனும்

1791 ஜனவரியில் சென்னையில் ஒரு ஜெர்மானியப் பாதிரியார் எண்பது வயதில் இறந்தார். போர் துரத்திய காலங்கள் நீங்கலாக, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அவர் இந்த ஊரை விட்டு நகரவில்லை. தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழில் புதிதாக எழுதி அச்சிட்டார். பழைய ஏற்பாட்டையும் அப்படியே மொழிபெயர்த்தார். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இருவழியிலும் அகராதி கொண்டுவந்தார். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழ்ச் சபைகள் பாடும்படி செய்தார். கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார்.

யோஹான் ஃபிலிப் ஃபப்ரீசியஸைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் ஒரு தொல்லை. பக்தி நோக்கில் எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள். விவரமான மிஷன் வரலாறுகள் முதுமை, உலக அனுபவம் போதாமை என்று சொல்லி இரண்டு வரியில் கடந்துபோகும். மூப்பு வந்தால் எவருக்கும் கணக்குப் பிசகும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் பிசகிய அதே முதுமையில், 1779இல் ஓர் அகராதியும் 1786இல் இன்னோர் அகராதியும் அவர் கையிலிருந்து வெளிவந்தன. சொல்லில் தெளிவாக இருந்த மூளை ரூபாயில் மட்டும் மங்கியது எப்படி என்று கேட்காமல் அவருடைய ஊழியத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

கிறிஸ்தவ வாழ்வில் நிலைநிற்பது என்பதைப் பிரசங்கங்களில் நாம் ஒரு மனவுறுதியாகவே பேசிப் பழகிவிட்டோம். உள்ளே விசுவாசம் இருந்தால் கடைசிவரை நிற்பார். இல்லாவிட்டால் இடையில் விழுவார். ஃபப்ரீசியஸ் இந்த வாய்பாட்டுக்குள் அடங்குவதில்லை. மொழிபெயர்ப்பில் அவரைத் தாங்கிய பிடிவாதம் பணத்தில் அவரையும் அவரை நம்பியவர்களையும் மூழ்கடித்தது. அந்த வேறுபாட்டை அவருடைய உள்ளத்தில் தேடுவதில் பயனில்லை என்பது என் முடிவு. ஒரு வேலையில் அவரைத் திருத்துவதற்கு அருகில் ஆட்கள் இருந்தார்கள். மற்றதில் இல்லை.

அவர் பிறந்தது 1711இல், ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு அருகே கிளேபெர்க் என்ற சிற்றூரில். கீசன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், பிறகு இறையியலுக்கு மாறி ஹாலேக்குப் போனார். அவரை உருவாக்கியது ஹாலேதான். அங்கே ஆகஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, ஒரு தலைமுறைக்குள் அநாதை இல்லம், பல பள்ளிகள், மருந்துச்சாலை, அச்சகம், புத்தகக்கடை என்று ஒரு சிறு நகரமாகவே வளர்ந்துவிட்டது. 1710இல் அங்கே தொடங்கிய கான்ஸ்டைன் வேதாகம நிறுவனம், கோத்த எழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து மறுபடி மறுபடி அச்சிட்டது. அதனால் ஏழைகளும் வேதாகமம் வாங்க முடிந்தது. பக்தியை அன்றாட வேலையாக, நேர அட்டவணையாக, கணக்கேடாக மாற்றியதுதான் ஹாலேயின் சாமர்த்தியம்.

கிரியைகளால் மீட்பு இல்லை, விசுவாசத்தால்தான் என்பது லூத்தரின் அடிப்படைப் போதனை. அப்படியானால் இப்படி மாடாய் உழைப்பானேன்? ஹாலேக்காரர்களைப் பொறுத்தவரை உழைப்பு கூலிக்காகச் செய்வதல்ல. உயிருள்ள விசுவாசம் தானாகக் கொடுக்கிற கனி. கேட்க இதமான பதில். நடைமுறையில் அதற்கு ஒரு கடுமையான முகமும் இருந்தது. சோம்பல் அவர்களுக்குக் கிட்டத்தட்ட அவிசுவாசம். தரங்கம்பாடி மிஷனுக்கு அனுப்பப்பட்ட ஊழியர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும், அதை ஹாலேக்கு அனுப்ப வேண்டும். 1710 முதல் அந்தக் குறிப்புகள் அறிக்கைகளாக அச்சாகி வந்தன; ஜெர்மனியெங்கும் அவற்றைப் படித்தவர்கள் காணிக்கை அனுப்பினார்கள். ஆக, தரங்கம்பாடியில் ஒருவர் எந்தத் தெருவில் யாரிடம் என்ன பேசினார் என்பது ஜெர்மனியில் ஒரு குடும்பத்தின் மாலை வாசிப்பாயிற்று. இந்தப் பார்வை தன்மேல் இருக்கிறது என்று தெரிந்தவர் சும்மா உட்கார மாட்டார். அவர்களுடைய விடாமுயற்சியில் இதற்கும் ஒரு பங்குண்டு.

ஃபப்ரீசியஸ் 1740இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1742 இறுதியில் சென்னைக்கு வந்தார். அங்கே பெஞ்சமின் சூல்ட்சே 1720களிலிருந்து நடத்திவந்த பணியை அவர் ஏற்க வேண்டியிருந்தது. சூல்ட்சே அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டார். சென்னை மிஷனின் அமைப்பே சற்று விசித்திரமானது. ஊர் ஆங்கிலேயக் கம்பெனியுடையது. செலவுக்குப் பணம் லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. சங்கத்துடையது, அதாவது ஆங்கிலிக்கன் பணம். ஊழியர்களோ ஹாலேயில் பயின்ற லூத்தரன்கள். பெயர் ஆங்கில மிஷன். இந்தக் கலவையைப் பற்றி அன்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பின்வந்த நூற்றாண்டில்தான் சபைப் பிரிவுகளின் வேலிகள் உயர்ந்தன.

வந்து நான்காவது ஆண்டிலேயே, 1746 செப்டம்பரில், பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கறுப்பர் நகரத்தில் மிஷனுக்கு இருந்த கட்டடங்கள் போயின. ஃபப்ரீசியஸ் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டுக்கு ஒதுங்கி, அங்கிருந்தபடி சிதறிய சபையைப் பார்த்துக்கொண்டார். 1749இல் ஊர் திரும்பக் கிடைத்தது. வேப்பேரியில் அர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் கட்டிய கத்தோலிக்கச் சிற்றாலயத்தைக் கம்பெனி பறித்து மிஷனிடம் கொடுத்தது. பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்பது கத்தோலிக்கர்மேல் சாட்டப்பட்ட குற்றம். ஒருவருடைய ஆலயத்தை இப்படி வாங்கிக்கொண்டது மிஷன் வரலாற்றில் பெருமைப்பட வேண்டிய பக்கமல்ல. ஆயினும் அந்த வேப்பேரிதான் ஃபப்ரீசியஸின் இருப்பிடமாயிற்று. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை மறுபடி சென்னையை முற்றுகையிட்டபோது வேப்பேரி சூறையாடப்பட்டது, மறுபடியும் பழவேற்காடு. 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியபோது ஓடிவந்த ஜனமும் பஞ்சமும் சென்னையை நிறைத்தன. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது.

இவற்றுக்கு நடுவேதான் மொழிபெயர்ப்பு வேலை நடந்தது. தரங்கம்பாடி மிஷனைத் தொடங்கிய சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இலேயே அங்கே அச்சாகிவிட்டது. 1719இல் தம் முப்பத்தாறாவது வயதில் இறந்தபோது அவர் பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம்வரை வந்திருந்தார். மீதியை முடித்தவர் சூல்ட்சே. 1728இல் முழு வேதாகமமும் தமிழில் இருந்தது. வேறொருவராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார். செய்வதற்கு வேறு ஆயிரம் வேலை கிடந்தது. ஆனால் அந்தத் தமிழ் இடறியது. கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவர் தம் ‘வேத விளக்கம்’ நூலில் தரங்கம்பாடியாரின் தமிழை ஒரு பிடி பிடித்திருந்தார். அதில் சபைப் பகையும் கலந்திருந்தது என்றாலும் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. கடற்கரைப் பேச்சும் ஐரோப்பிய வாக்கிய அமைப்பும் கலந்த அந்த நடை, வாசித்துக் கேட்கும் தமிழரை முதல் வரியிலேயே அந்நியமாக்கியது.

ஃபப்ரீசியஸ் திருத்தத் தொடங்கினார். திருத்தம் வளர்ந்து புது மொழிபெயர்ப்பாயிற்று. சென்னைக்கு வந்து முப்பதாவது ஆண்டில், 1772இல், அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. இந்த முப்பது ஆண்டையும் வெறும் மனவுறுதியின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. அவருக்கு முன்னால் சீகன்பால்கின் வாசகம் இருந்தது, சூல்ட்சேயின் வாசகம் இருந்தது. தரங்கம்பாடியில் இருந்த சக மிஷனெரிகள் ஆளுக்கொரு கருத்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரைச் சுற்றித் தமிழர்கள் இருந்தார்கள்: உபதேசியார்கள், பள்ளி ஆசிரியர்கள், ஞாயிறுதோறும் ஆலயத்தில் உட்கார்ந்து கேட்ட சபையார். ஒரு வாக்கியம் காதில் ஒட்டவில்லை என்றால் மறுநாளே தெரிந்துவிடும். தாய்மொழியாளர் முகம் சுளிப்பதைப் பார்த்து எழுதப்பட்ட மொழிபெயர்ப்பு அது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மிஷன் வரலாறுகளில் நிலைநின்று உழைத்தவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஐரோப்பியப் பெயர்களாகவே இருக்கிறது. 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ் லூத்தரன் போதகர் ஆரோன். அவரும் அவருக்குப் பின் வந்த உபதேசியார்களும் தஞ்சை நாட்டு ஊர்களில் கால்நடையாக அலைந்து சபைகளைக் காத்தவர்கள். அந்நியரான மிஷனெரிக்குத் தஞ்சை அரசின் எல்லைக்குள் நுழைவதே கடினமாக இருந்த காலம் அது. அங்கே வேலை நடந்தது இவர்களால். ஹாலேக்குப் போன அறிக்கைகளில் இவர்களும் இடம்பெற்றார்கள், ஆனால் மேலாளர் எழுதும் சான்றிதழில் இடம்பெறுகிற மாதிரி. ஃபப்ரீசியஸின் தமிழில் எத்தனை உபதேசியார்களின் தமிழ் கரைந்திருக்கிறது என்று இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

அச்சகம் வந்த கதையும் கேட்கத் தக்கது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். கொள்ளைப் பொருள்களில் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு அதை இயக்கத் தெரியவில்லை. ஃபப்ரீசியஸுக்குத் தெரியும் என்பதால் வேப்பேரியில் வைத்தார்கள். கம்பெனி அரசின் வேலை வந்தால் அதை முதலில் முடித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு முறை பிரெஞ்சுப் படையால் வீடிழந்தவரின் வீட்டுக்குப் பிரெஞ்சுக்காரரின் அச்சு இயந்திரமே வந்து சேர்ந்தது. அதில்தான் அவருடைய புதிய ஏற்பாடும் அகராதிகளும் அச்சாயின.

1779இல் வந்த தமிழ்–ஆங்கில அகராதி சுமார் 9,000 சொற்கள் கொண்டது. ஐரோப்பியர் அன்று தமிழை ‘மலபார்’ மொழி என்று சொல்லிவந்தார்கள். அகராதியின் தலைப்பும் அந்தப் பெயரையே தாங்கியது. அதைத் தொகுத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. நீண்டகாலத் துணையாக இருந்த பிரைத்தாப்ட்டும் சேர்ந்து செய்தது. சீகன்பால்க் காலத்திலிருந்தே மிஷன்காரர்கள் ஓலையிலும் தாளிலும் சேர்த்துவந்த சொற்பட்டியல்களின் தொடர்ச்சியும்கூட. 1786இல் ஆங்கிலம்–தமிழ் வந்தது. தமிழ்–ஆங்கில அகராதியைத் தரங்கம்பாடி மிஷன் அச்சகம் பிற்காலத்தில் திருத்தி, பெருக்கி, பலமுறை வெளியிட்டது. நான்காம் பதிப்பு 1972இல் வந்தது. இன்று கணினியில் தமிழ்ச் சொல் தேடுகிற ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அகராதிகளில் அதுவும் ஒன்று.

இனிப் பணத்துக்கு வருவோம்.

அன்றைய சென்னையில் பொதுமக்கள் நம்பிப் பணம் போட நிலையான வங்கிகள் இல்லை. கையில் காசிருந்தவர்கள் நாணயமான ஆளிடம் கொடுத்து வைப்பார்கள். பாதிரியாரைவிட நாணயமான ஆள் யார்? மிஷனின் சொந்தப் பணம், ஏழைகளுக்கான நிதி, பிறர் நம்பிக் கொடுத்த தொகை எல்லாம் ஃபப்ரீசியஸின் கையில் வந்து சேர்ந்தன. சும்மா வைத்திருந்தால் வளராது. ஆகவே வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. இதில் அன்று யாரும் முறைகேடு காணவில்லை. அந்த ஊரின் பொருளாதாரமே கடன்மேல் மிதந்தது. ஆற்காடு நவாப் முகமது அலி ஐரோப்பியரிடம் வாங்கிய கடன்கள் அவ்வளவு பெரிய ஊழலாக வளர்ந்ததால்தான் 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் நீண்ட உரையாற்றினார். வட்டி உயர்ந்திருந்தது, திரும்பி வரும் உறுதியோ குறைவு. அந்தச் சூழலில் கொடுத்த பணம் வராமல் போனது. போட்டவர்கள் கேட்டார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க வேறொன்று. விளைவு வழக்கும் சிறையும்.

இதை ஆசை என்று சொல்ல முடியாது. அவர் தமக்கென்று ஒரு வீடோ நகையோ சேர்க்கவில்லை. எளிமையில் துறவியைப் போல வாழ்ந்தவர் என்பதில் சமகாலத்தார் ஒத்துப்போகிறார்கள். எளிமைதான் ஒரு வகையில் ஆபத்தாயிற்று. தன்னலமில்லாத மனிதரை யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டிய லண்டனும் ஹாலேயும் கடல் கடந்து இருந்தன. ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஓராண்டுக்கு மேல் ஆகும், எஸ்.பி.சி.கே. சங்கத்துக்குச் சென்னையிலேயே ஒரு கிளைக்குழு அமைந்தது 1815இல்தான். தவறான ஒரு வினைச்சொல்லை ஞாயிற்றுக்கிழமை சபை கண்டுபிடித்துவிடும். தவறான ஒரு கடன்பத்திரத்தைக் கண்டுபிடிக்கச் சபையில் யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆக, அவரிடம் இருந்த ஒரே கருவியையே அங்கும் எடுத்தார்: தளராமல் தொடர்வது. மொழிபெயர்ப்பில் தொடர்வது சரியான மருந்து. கெட்ட கடனில் அது நோயை வளர்க்கும்.

பவுல் அப்போஸ்தலருக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பல சபைகளில் காணிக்கை சேர்த்தபோது, அதை எடுத்துப்போக அவர் தம்மை மட்டும் நம்பச் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைப் பார்த்தால், தீத்துவோடு கூட, சபைகளே தெரிந்துகொண்ட ஒருவரும் வருகிறார் என்று விளக்குகிறார். இத்தனை பெரிய தொகையில் ஒருவரும் குறை சொல்லாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமின்றி மனிதருக்கு முன்பாகவும் ஒழுங்காயிருக்க விரும்புவதாகக் காரணம் சொல்கிறார். தாம் அப்போஸ்தலர் என்பதால் கணக்கு வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. இயேசு சொன்ன உக்கிராணக்காரன் உவமைகளும் எஜமான் கணக்குக் கேட்கும் இடத்தில்தான் திருப்பம் கொள்கின்றன. நம் பிரசங்கங்களில் உண்மையுள்ள ஊழியக்காரனின் உழைப்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்தக் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. உழைப்பைப் புகழ்வது சுலபம். கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும்.

1788இல் வேப்பேரிப் பொறுப்பை மிஷனெரி கெரிக்கே ஏற்றார். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் ஊழியம் செய்து, போர்க்காலங்களைக் கண்டு தேறியவர். முதியவரை ஒதுக்காமலே வேலையைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டார். அவரும் பணம் கையாண்டவர்தான். 1803இல் இறந்தபோது தம் சொத்தில் பெரும்பகுதியை அதே வேப்பேரி மிஷனுக்கு எழுதிவைத்தார். தஞ்சாவூரில் மிஷனெரி சுவார்ட்சும் அப்படியே. 1798இல் அவர் விட்டுச்சென்ற பணம் பல ஆண்டு மிஷன் வேலைகளுக்கு ஆதாரமாக இருந்தது. ஒரே ஹாலே, ஒரே பக்தி, ஒரே கடற்கரை. கெரிக்கேயும் சுவார்ட்சும் ஃபப்ரீசியஸைவிட அதிக விசுவாசிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுவார்ட்ஸ் அரசவைகளிலும் படைத்தளபதிகளிடமும் பழகியவர். யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆட்கள் இருந்தார்கள்.

பழைய ஏற்பாட்டின் அச்சு வேலை ஃபப்ரீசியஸ் இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1796இல் முடிந்தது. பிறகு அந்த வாசகத்துக்கு நேர்ந்தது, அவர் சீகன்பால்குக்கும் சூல்ட்சேக்கும் செய்ததுதான். பின்வந்த மிஷனெரி ரேனியஸ் திருத்தினார். யாழ்ப்பாணத்தில் மிஷனெரி பெர்சிவல், ஆறுமுக நாவலரின் உதவியோடு புது மொழிபெயர்ப்பு செய்தார். 1850இல் வெளிவந்த அதைத் தமிழ்நாட்டுச் சபைகள் ஏற்கவில்லை. கடைசியில் ஹென்றி பவர் தலைமையில் பல மிஷன்கள் சேர்ந்து செய்த திருத்தம் 1871இல் வந்தபோது, அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது ஃபப்ரீசியஸின் வாசகமே. இன்று புராட்டஸ்டண்ட் வீடுகளில் பெரும்பாலும் காணும் தமிழ் வேதாகமம் அந்தத் திருத்தத்தின் வழிவந்தது. லூத்தரன் சபையார் மட்டும் அதையும் ஏற்கத் தயங்கினார்கள். தங்கள் ஃபப்ரீசியஸின் ஒரு சொல்லும் மாறக்கூடாது என்று பழைய வாசகத்தையே நெடுநாள் வாசித்துவந்தார்கள். முப்பது ஆண்டு திருத்தித் திருத்தி எழுதிய மனிதருக்கு அந்த விசுவாசம் கொஞ்சம் சங்கடமாகவே இருந்திருக்கும்.